விரலாருக்குத் தெரியாத கம்பி

எங்கள் தெருவில் இருக்கும் கம்பியக்காவுக்குப் பெற்றோர் வைத்த பெயர் அடையாள அட்டைக்குள் மட்டும்தான் குடியிருக்கிறது. அவள் சிறையில் கம்பி எண்ணியவளும் அல்ல, கடன்காரனுக்குக் கம்பி நீட்டியவளும் அல்ல. கார் இருக்கைக்குள் வைக்கிற சூடேற்றும் கம்பியை, பாம்பு நெளிவதுபோலத் துணியில் வளைத்து வளைத்துத் தைக்கும் பட்டறையில் பல வருடமாக வேலை. பெயர் அங்கே ஒட்டிக்கொண்டது. "குளிர்காலத்துல ஊரார் பின்பக்கத்தையெல்லாம் இதமா வெச்ச புண்ணியவதி" என்று அவளுடைய நாத்தனார் வந்தவர் போனவரிடமெல்லாம் அறிமுகம் செய்துவைப்பாள்.

பட்டறை ஒரு சலவைக்கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது. கீழேயிருந்து நாளெல்லாம் நீராவி ஏறும். மேலே இரண்டு எம்ப்ராய்டரி மெஷின், ஒரு நீள மேஜை, மூலையில் ஈயம் பற்றவைக்கும் புகைக்கு நடுவே சர்க்யூட் என்று எல்லோரும் கூப்பிடுகிற நரைத்த தலை மனிதர். ஒருநாள் கம்பியக்காவுக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"ஏன் சர்க்யூட்டு, உக்கார்றவங்க உடம்புக்குக் கம்பி சூடு குடுக்குது. அந்த உடம்பு வந்து உக்காந்தது கம்பிக்குத் தெரியுமா?"

அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "இந்தக் கம்பிக்குத் தெரியாதுக்கா. வெள்ளி பூசின நூல்னு ஒண்ணு இருக்கு. விரல் கிட்ட போனாலே அதுல இருக்கிற மின்சாரம் லேசா ஆடும். அந்த ஆட்டத்தை நான் புடிச்சுக்குவேன். அதுக்கப்புறம் என்ன செய்யணும்னு நீங்கதான் சொல்லணும்."

சும்மா கிடந்த சங்கை ஊதியது யார் என்று இன்றுவரை இருவரும் ஒருவரையொருவர் கைகாட்டிக்கொள்கிறார்கள்.

அவள் செய்யப் புறப்பட்டது சோபாவின் கைப்பிடிக்குப் போடுகிற ஓர் உறை. பார்த்தால் சாதாரணச் சாம்பல் நிறத் துணி. ஒரு தட்டுத் தட்டினால் அறையின் விளக்கு எரியும், மறு தட்டுக்கு அணையும். முன்பக்கமாகத் தடவினால் வெளிச்சம் கூடும், பின்பக்கமாகத் தடவினால் குறையும். தன்னைத் தொட்டதைத் துணி புரிந்துகொண்டதும், அடியில் வைத்திருக்கும் சட்டைப் பொத்தான் அளவு மோட்டார் ஒருமுறை நடுங்கும். "சரி, கேட்டுடுச்சு" என்று துணி விரலுக்குச் சொல்கிற பதில் அது.

சொல்லும்போது சுலபமாகத்தான் இருக்கிறது. முதலில் செய்த உறை தூசு தட்டினால் எரிந்தது, தொட்டால் அணைய மறுத்தது. கீழே சலவைக்கடையில் நீராவி அதிகமான நாட்களில் யாரும் தொடாமலேயே விளக்கு கண்ணடித்தது. எதிர்மாடியில் குடியிருந்த பிரம்மச்சாரி அது தனக்கான சைகை என்று எண்ணி, தினமும் தலைவாரிப் பவுடர் பூசி ஜன்னலில் நின்று, கடைசியில் சர்க்யூட்டின் முகத்தைப் பார்த்துவிட்டு வீட்டையே காலிசெய்தார் என்று சொல்வார்கள். காலிசெய்தது உண்மை. காரணத்துக்கு நான் ஜவாப்தாரி அல்ல.

பட்டறையின் முதலாளியம்மா பொறுமைசாலிதான். ஆனால் பொறுமைக்கும் ஒரு விளிம்பு உண்டு. "சோபாக் கம்பெனிக்காரர் மாசக் கடைசியில வர்றார். அவர் எடுத்துக்கிட்டா இது உன் துணி, நீதான் டிசைனர், உனக்குத் தனி மேஜை. எடுக்கலைன்னா மறுபடியும் கார் சீட்டுக் கம்பிதான். அப்புறம் தொடற துணி, பேசற துணின்னு என்கிட்ட வரக்கூடாது" என்றார். கம்பியக்கா தலையை ஆட்டினாள். மறுபடியும் அந்தப் பாம்பு நெளிவுக்குப் போவதை நினைத்தாலே அவளுக்கு விரல் நுனியெல்லாம் கூசியது.

ஆனால் வீட்டில் அவளுக்கு ஒரு பிரம்மாஸ்திரம் இருந்தது. அவள் கணவர்.

அவரை ஊரே விரலார் என்றுதான் சொல்லும். பெரிய மில்லில் துணி சோதிக்கிறவர். கண்ணை மூடிக்கொண்டு துணியின் ஓரத்தைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே உருட்டினாரானால், நீளவாக்குப் பாவு எப்படி, குறுக்குவாக்கு ஊடு எப்படி, நூலில் முறுக்கு எங்கே தளர்ந்தது என்று சொல்வார். தறி ஓட்டியவன் அன்று காலை பெண்டாட்டியோடு சண்டை போட்டுவிட்டு வந்தானா என்பதுவரை சொல்வார். சண்டை விஷயம் கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம். மற்றதெல்லாம் மெய். அவர் கண்ணை மூடினால் சுற்றி நிற்பவர்கள் வாயை மூட வேண்டும் என்பது மில்லில் எழுதாத சட்டம். துணியின் தடிமனை அளக்கும் கருவி ஒன்று சொல்லி விரலார் வேறொன்று சொன்னால், கழற்றிப் பார்ப்பது கருவியைத்தான். ஒருமுறை கழற்றியபோது உள்ளே ஓர் ஈ செத்துக் கிடந்ததாம். அந்த ஈ செத்த வேளை, துணி வியாபாரத்தில் இருந்த அத்தனை பேருக்கும் அவர் விரல் வேதவாக்காகிவிட்டது. கம்பியக்காவுக்கும்தான்.

ஆகவே அவள் உறையை வீட்டுக்கு எடுத்து வந்து கூடத்துச் சோபாவில் மாட்டினாள். ஏற்பாடு இதுதான்: விரலார் கண்ணை மூடித் துணியைத் தொடுவார். நடுக்கம் வந்ததும் "ஆச்சு" என்பார். துணி எப்போது நடுங்கியது என்பதைச் சர்க்யூட் செய்து கொடுத்த சின்னப் பெட்டி திரையில் காட்டும். இரண்டும் ஒத்துப்போக வேண்டும்.

முதலில் அச்சாக ஒத்துப்போனது. தட்டு, நடுக்கம், "ஆச்சு." தட்டு, நடுக்கம், "ஆச்சு." நாத்தனார் வாய் சும்மா இருக்கவில்லை. "எனக்கென்னவோ இந்தத் துணி நறநறங்குது. கைய வெச்சா முழங்கை அரிக்குது" என்றாள்.

"அண்ணி, உங்களுக்குப் புது வெயில் பட்டாலும் அரிக்கும். அவரு வழவழன்னு இருக்குன்னு சொல்லிட்டாரு."

"ஆமா ஆமா, அவன் சொன்னா கோணியும் பட்டுதான்."

சிக்கல் அதற்குப் பிறகு வந்தது. பட்டறையில் உறையைத் தொட்டுப் பார்த்த முதலாளியம்மா, "என்ன இது, தேனீ புகுந்த மாதிரி உர்ருங்குது? விருந்தாளி பயந்து எந்திரிச்சு ஓடிடுவான்" என்றார். கம்பியக்கா மோட்டாரைச் சுற்றி மெல்லிய பஞ்சு வைத்துத் தைத்தாள். சத்தம் அடங்கியது. நடுக்கம் மட்டும் துணி வழியாகப் பூனையின் நெஞ்சுபோல மெத்தென்று வந்தது.

அன்று மாலையிலிருந்து விரலாரும் பெட்டியும் முறைத்துக்கொண்டார்கள். துணி நடுங்கியதாகப் பெட்டி சொன்னபோது அவர் கம்மென்று உட்கார்ந்திருந்தார். துணி சும்மா கிடந்தபோது, "ஆச்சு" என்றார்.

கம்பியக்கா என்ன செய்திருக்க வேண்டும்? பெட்டியை நம்பியிருக்கலாம். துணிக்காரி அல்லவா, விரலை நம்பினாள். நூலைப் பிரித்து நெருக்கமாகத் தைத்தாள். நெருக்கத்தைப் பிரித்து அகலமாகத் தைத்தாள். மோட்டாரை வலப்பக்கம் வைத்தாள், இடப்பக்கம் வைத்தாள். மறுநாள் பட்டறையில் சர்க்யூட்டைப் பிடித்து உலுக்கினாள்.

"உங்க பெட்டி பொய் சொல்லுது."

"அக்கா, பெட்டிக்குப் பொய் சொல்ற அளவுக்கு நான் மூளை வெக்கலை." அவர் உறைமேல் தன் கையை வைத்தார். "இதோ நடுங்குது. இதோ மறுபடியும். எனக்கே தெரியுதே!"

"உங்க விரலும் அவர் விரலும் ஒண்ணா?"

"ஒண்ணு இல்லதான்" என்று ஒப்புக்கொண்ட மனிதர், தன் விரலையே கொஞ்சநேரம் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பஞ்சை எடுத்தால் எல்லாம் சரியாகிவிட்டது. பஞ்சை வைத்தால் எல்லாம் குழம்பியது. ஆக, குற்றவாளி பஞ்சுதான் என்று கட்டிவைத்து அடிக்கலாம் என்றால், பஞ்சு வைத்த துணியின் நடுக்கம் அவளுக்குத் தெரிந்தது, நாத்தனாருக்குத் தெரிந்தது, கீழே இஸ்திரி போடுகிறவருக்குக்கூடத் தெரிந்தது. ஊரில் ஒரே ஒருவருக்குத்தான் தெரியவில்லை, அவரோ விரலார். இது எப்படி? அவர் விரல் அவ்வளவு நுட்பமானதால், தப்பான நடுக்கத்தை நடுக்கம் என்றே மதிக்கவில்லையோ? இப்படியொரு விளக்கத்தைத் தானே கண்டுபிடித்துத் தானே நம்பவும் செய்தாள் என்றால், மாசக் கடைசி எவ்வளவு பக்கத்தில் வந்திருந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு விடுமுறைப் பிற்பகல். பஞ்சை எடுத்துவிட்டு, எல்லாம் ஒத்துப்போகிற அந்தப் பழைய நிலையிலேயே உறையை மாட்டி, முதலிலிருந்து தொடங்கினாள். தட்டு, "ஆச்சு." தட்டு, "ஆச்சு." அப்போது குளியலறையில் நாத்தனார் போட்டிருந்த வாஷிங் மெஷின் பிழியும் கட்டத்துக்கு வந்து, பேய் பிடித்ததுபோல ஆடத் தொடங்கியது. அந்த மெஷினுக்கு ஒரு கால் குட்டை. ஒருமுறை அது ஆடி ஆடி வாசல்வரை போய்த் தபால்காரரிடம் தபால் வாங்கியது என்று நாத்தனார் சாதிப்பாள். சத்தத்தில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. விரலார் தட்டினார். பெட்டி காட்டியது. அவர் வாயைத் திறக்கவில்லை. மறுபடியும் தட்டினார். பெட்டி காட்டியது. அவர் தலையைக் கொஞ்சம் சாய்த்து, காதைத் துணிப்பக்கம் கொண்டுபோனார்.

மெஷின் நின்றது. இன்னொரு தட்டு. "ஆச்சு" என்றார் விரலார்.

கம்பியக்கா பெட்டியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், குளியலறைக் கதவைப் பார்த்தாள். பிறகு ஓசைப்படாமல் எழுந்து உறையின் பாட்டரியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். சோபாவின் மறுகோடியில் உட்கார்ந்தாள். நாக்கைப் பல்லுக்குப் பின்னால் ஒட்டி மெதுவாக ஒலியெழுப்பினாள்.

"உர்ர்."

"ஆச்சு" என்றார் விரலார்.

ஈரத்துணியோடு வந்த நாத்தனார் இதைப் பார்த்துக் களுக்கென்று சிரித்துவிட்டாள். கம்பியக்காவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது.

"என்னக்கா சிரிக்கிற?" என்று விரலார் கண்ணைத் திறந்தார்.

"ஒண்ணுமில்லடா தம்பி. உன் பெண்டாட்டிக்கு வயித்தைப் பெரட்டுதாம்."

அன்று கம்பியக்கா சமையலறைக்குப் போய், எதை எடுக்க வந்தோம் என்று மறந்து நின்றாள். போன வாரம் பொங்கிய பால் பாத்திரத்தை அவர் வெறுங்கையால் இறக்கி வைத்தாரே, "என்ன கை, இரும்பாட்டம்" என்று தானும் நாத்தனாரும் மெச்சினோமே! சட்டைப் பொத்தானைக் கண்ணாடி முன்னால் நின்று பார்த்துப் பார்த்துப் போடுகிறாரே, அழகு பார்க்கிறார் என்றல்லவா கேலி செய்தோம்! மில்லில் அண்மைக்காலமாகத் துணியைக் காதருகே வைத்து உருட்டுகிறார் என்றும், அது ஏதோ உயர்ந்த வித்தை என்றும் பேசிக்கொண்டார்களே! எத்தனை நாளாக? மில்லுக்குத் தெரிந்தால்? கேட்கலாமா, கேட்டால் உடைந்துபோவாரா, கேட்காவிட்டால் தான் உடைந்துபோவோமா? துணி முதல் நாளிலிருந்தே சரியாகத்தான் இருந்திருக்கிறது. அதற்குச் சந்தோஷப்படுவதா என்பதுகூட அவளுக்கு விளங்கவில்லை.

"கேளேன்" என்றாள் நாத்தனார், பின்னால் வந்து.

"நீங்க அக்காதானே, நீங்க கேளுங்க அண்ணி."

"நான் கேட்டா சண்டையாயிடும்."

"நான் கேட்டா?"

"அழுகையாயிடும்."

இரண்டு பேரும் கேட்கவில்லை.

சோபாக்காரர் வருகிற நாள் வந்தது. முதலாளியம்மா முந்தின நாளே போன் செய்து, "உன் வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வா. அவர் விரலை வெச்சுச் சரின்னா சோபாக்காரர் மறுபேச்சுப் பேசமாட்டார்" என்று சொல்லிவிட்டார். காலையில் கம்பியக்கா மென்று விழுங்கினாள்.

"நீங்க வரவேண்டாங்க. வெயிலா இருக்கு."

"மாடிக்குள்ள என்ன வெயிலு? ஏன், என் விரல் வேண்டாமா?"

அவர் குரலில் என்ன இருந்தது என்று அவளுக்குப் பிடிபடவில்லை. கேலியா, பயமா, கெஞ்சலா? இஸ்திரி போட்ட சட்டையின் பொத்தான்களைப் பார்த்துப் பார்த்துப் போட்டுக்கொண்டு அவர் முன்னால் நடந்தார்.

சோபாக்காரர் ஆள் பெரியவர். அவர் உட்கார்ந்ததும் பட்டறை நாற்காலி கிறீச்சென்று ஒரு கேள்வி கேட்டது. விளக்கு எரிவதையும் அணைவதையும் கூடுவதையும் குறைவதையும் பார்த்தார். "வேலை செய்யுது. அது போதாதுங்க. மக்கள் இதுமேல சாயணும், தூங்கணும், காபி சிந்தணும். உள்ள கம்பி இருக்குன்னு தெரிஞ்சா ஒருத்தனும் வாங்கமாட்டான். ஐயா, நீங்க சொல்லுங்க. இதுல கம்பி எங்க ஓடுது?"

விரலார் கண்ணை மூடினார். வழக்கப்படி எல்லோரும் வாயை மூடினார்கள். கீழே இஸ்திரிப் பெட்டிகூட மூச்சைப் பிடித்துக்கொண்டதுபோல இருந்தது. அவர் விரல்கள் துணியின்மேல் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய்வந்தன. விளக்கு எரிந்தது, அணைந்தது, எரிந்தது. கட்டைவிரலால் அழுத்தினார். ஓரத்தை உருட்டினார். காதருகே கொண்டுபோகக் கையைத் தூக்கியவர், என்ன நினைத்தாரோ, பாதியில் இறக்கிவிட்டார்.

கண்ணைத் திறந்தபோது அவர் முகம் வெளுத்திருந்தது.

"எனக்குத் தெரியலை" என்றார். "எங்க ஓடுதுன்னு எனக்குத் தெரியலை."

சோபாக்காரர் மேஜையை ஓங்கி ஒரு குத்துக் குத்தினார். "இதான் வேணும்! விரலாருக்கே தெரியலைன்னா வேற யாருக்குத் தெரியப்போகுது?" முதலாளியம்மா எழுந்து கைதட்டினார். சர்க்யூட் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். தோல்வியை ஒப்புக்கொண்ட மனிதரின் முதுகில் எல்லோரும் தட்டினார்கள். அவர் நடுவில் நின்றுகொண்டு, தனக்கு நடப்பது கல்யாணமா கருமாதியா என்று தெரியாதவர்போல விழித்தார்.

கம்பியக்காவுக்குத் தனி மேஜை கண்முன்னால் வந்து நின்றது. வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். அவர் சொன்னது பொய்யும் இல்லை. ஆனால் நாத்தனாரின் முழங்கை அரித்தது அவளுக்கு நினைவிருந்தது. நறநறவென்று ஒரு துணி வீடு வீடாகப் போய், எத்தனை முழங்கைகளை அரித்து, எத்தனை பேர் கழற்றி எறிவார்கள்?

"சார், ஒரு நிமிஷம்" என்றாள். "சட்டைக் கையை மடிச்சு விடுங்க."

"எதுக்கும்மா?"

"சோபாவுல விரலை யாரும் படுக்க வெக்கறதில்லை. முழங்கைதான் கிடக்கும். நாங்க இத்தனை நாளா விரலை வெச்சே பார்த்துட்டோம். விரல் தோல் காய்ச்சுப்போன தோல், அதுக்கு ஒண்ணும் தெரியாது. உங்க முழங்கையை இதுமேல போட்டுப் பாருங்க."

முதலாளியம்மா கண்ணாலேயே அவளை இரண்டாக வெட்டினார். சோபாக்காரர் சட்டைக் கையை மடித்து, வெறுங்கையை உறைமேல் சாய்த்தார். விளக்கு எரிந்தது. அவர் கையை நகர்த்தினார். புருவம் சுருங்கியது.

"கொஞ்சம்… நறநறங்குது."

அதற்குப் பிறகு பேசியதெல்லாம் தெளிவில்லாத பேச்சு. வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நூலை இரண்டு துணிக்கு நடுவில் புதைத்து ஒன்று செய்ய முடியுமா என்று கேட்டார். முடியும் என்று கம்பியக்கா சொன்னாள், முடியுமா என்று தெரியாமலே. "அப்ப அந்த முழங்கைத் துணி ஆனதும் கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

"கைக்கு வந்ததை நீயே தட்டிவிட்டியே!" என்று முதலாளியம்மா தலையில் கைவைத்தார். கொஞ்சம் பொறுத்து, தன் முழங்கையையும் உறைமேல் வைத்துப் பார்த்தார். "சீட்டுக் கம்பிக்கு வேற ஆளைப் போட்டுக்கறேன். நீ இதை முடி" என்றார், திட்டுகிற குரலிலேயே.

வீட்டுக்குத் திரும்பும் வழியில், சிக்னலில் நின்றபோது விரலார் கேட்டார். "எப்ப தெரிஞ்சுது உனக்கு?"

"அண்ணி துணி துவைச்ச அன்னைக்கு."

"அந்த உர்ர்?"

"நான்தான்."

"அதானே! மோட்டாருக்கு எங்கேர்ந்து எச்சில் சத்தம் வந்துச்சுன்னு யோசிச்சேன்." அவர் சிரிக்கப் பார்த்தார், வாய் ஒரு பக்கம் மட்டும்தான் ஒத்துழைத்தது. "மொதல்ல நுனி மட்டும்தான் மரத்துச்சு. போயிடும்னு இருந்தேன். மில்லுல எல்லாரும் வாயை மூடிக்கிட்டதால காது காப்பாத்துச்சு. இப்ப நான் யாருன்னே எனக்குத் தெரியலை, போ."

விளக்கு பச்சையாகி மறுபடியும் சிவப்பாகிவிட்டது. அவர்கள் கடக்கவில்லை.

மறுநாள் அவர் மில் மேலாளரிடம் போய் உள்ளதைச் சொன்னார். மேலாளர், "உங்க அடக்கம் யாருக்கு வரும்!" என்று சிரித்தார். விரலார் விடாமல் கண்ணை மூடி, அங்கிருந்த துணிகளை வரிசையாகத் தொட்டு எல்லாவற்றையும் தப்பாகச் சொன்னார். மேலாளர் முகம் மாறி, ஓய்வு வேண்டும் என்பதற்காக வேண்டுமென்றே தப்பாகச் சொல்கிறாரோ என்று சந்தேகப்பட்டார். மருத்துவர்தான் கடைசியில் நம்பினார். சர்க்கரை நரம்பைத் தின்றிருக்கிறது, மாத்திரை சாப்பிடுங்கள், இருப்பதைக் காப்பாற்றலாம், போனது திரும்பினாலும் திரும்பும், திரும்பாமலும் போகும் என்றார். "இதைச் சொல்ல டாக்டருக்கு ஒரு படிப்பு வேற" என்றாள் நாத்தனார். மில்லில் விடுப்புக் கொடுத்திருக்கிறார்கள். விடுப்பு முடிந்ததும் என்ன என்று கேட்டால் மேலாளரும் விரலாரும் ஒரே மாதிரி கூரையைப் பார்க்கிறார்கள்.

இப்போது மாலைவேளைகளில் கூடத்துச் சோபாவில் புதிய உறை கிடக்கிறது. வெள்ளி நூல் இரண்டு துணிக்கு நடுவில் புதைந்திருக்கிறது. புதைத்ததால் அது சில நேரம் தொடுவதைக் கவனிக்காமல் தூங்கிவிடுகிறது. துணியின் பதில் விரலுக்குப் போகாமல் முன்கையின் உள்பக்கத்துக்குப் போகிற மாதிரி கம்பியக்கா மோட்டாரை இடம் மாற்றியிருக்கிறாள். அவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு, கண்ணை மூடிக் கையைச் சாய்க்கிறார். காதில் அவளே பஞ்சு வைத்து அடைத்திருக்கிறாள். பெட்டியைப் பார்க்காமல் அவர் முகத்தையே பார்க்கிறாள்.

"ஆச்சு" என்றார் நேற்று.

அவள் அவர் காதுப் பஞ்சை ஒருபக்கம் எடுத்தாள். "நெசமாவா?"

"நெசமாத்தான்." அவர் கையைப் பார்த்தார். "இல்ல… ஏதோ ஒண்ணு வந்த மாதிரி இருந்துச்சு. வந்துச்சா, வரணும்னு நெனச்சேனான்னு தெரியலை. இரு, இன்னொரு தடவை வெச்சுப் பாக்கறேன்."

அவள் பஞ்சைத் திரும்ப அடைத்துவிட்டு, அவர் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தாள்.